சான்றறையில் அறுத்த சேவல்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று நடுநாயகமாய் வீற்றிருக்கும் மாண்பமை நீதிபதி அம்மையார் அவர்களே! கடல் கடந்து வந்து, கட்டடம் எழும்பக் கை கொடுத்து, இன்று நம்மோடு அமர்ந்து நம் மலைக் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும் மானியக் குழுவின் பெருமக்களே! அவர்கள் காதோரம் குனிந்து என் ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அக்கா அவர்களே! அரசு வழக்குரைஞர் ஐயா அவர்களே! அருட்தந்தை அவர்களே! எனக்கு மேலதிகாரியும், இந்த உரையை எனக்காகத் தம் கைப்பட எழுதித் தந்தவருமான பதிவாளர் திரு. எவரிஸ்தோ அவர்களே! சோளக்காட்டை அப்படியே போட்டுவிட்டு மலையிறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கும் சந்தைத் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் தூணோரம் நிற்கிற செவரினா அக்கா! உங்கள் அத்தனை பேருக்கும், லோய்லாரா நீதிமன்றத்தின் சான்றறைக் காப்பாளர் ஜெசுவீனாவின் தலைதாழ்ந்த வணக்கம்.

எனக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம். கையில் இருப்பது ஒன்றரைப் பக்கம். நல்ல கையெழுத்து, முத்து முத்தான எழுத்து. முதல் பத்தியை வாசித்துவிடுகிறேன்.

"ஒழுகும் கூரைக்குக் கீழே ஓரமாய்க் கிடந்தது நீதி. இன்று உறுதியான சுவருக்குள் உயர்ந்து நிற்கிறது நீதி."

கைதட்டுங்கள். தட்ட வேண்டிய வரிதான். ஏனென்றால் அது உண்மை. வழக்குப் பொருள்களைப் பூட்டி வைக்கும் அந்தப் பழைய சான்றறை உங்களுக்குத் தெரியாதா? நீதிமன்றத்துக்குப் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு சன்னல். உள்ளே என்ன இருந்தது? திருடுபோன மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம். அரிசிச் சாக்கில் அரிவாள்கள் ஒரு பக்கம். ரத்தம் பட்ட சட்டைகளைப் போட்டு வைத்த அட்டைப்பெட்டியில் பூஞ்சணம் பூத்து, எந்தச் சட்டை யாருடையது என்று அந்தச் சட்டைக்கே தெரியாது! சிரிக்கிறீர்கள். பதினொரு ஆண்டுகள் அதற்குள் மூச்சு விட்டவள் நான். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஒரு நாள் வரைக்கும்.

இப்போது பாருங்கள். எஃகு அலமாரி. ஈரத்தை இழுக்கும் எந்திரம். ஒவ்வொரு பொருளுக்கும் கருவி படிக்கும் கோடு போட்ட சீட்டு. கதவைத் திறந்தால் திறந்தவர் முகத்தைப் படம் பிடிக்கும் கேமரா. நான் மறுக்கவில்லை, மகத்தான உதவி. நம் திமோரில் இப்படி ஓர் அறைக்கு எத்தனை நீதிமன்றங்கள் ஏங்கிக் கிடக்கின்றன!

இரண்டாம் பத்தி. இதைத்தான் என்னால் வாசிக்க முடியவில்லை. "எத்தனை இடர் வந்தபோதும், எமது சான்றறையில் இதுநாள்வரை ஒரு பொருளும் கெட்டதில்லை, ஒரு முத்திரையும் உடைந்ததில்லை."

இந்த வரியை நேற்று வீட்டில் ஏழு முறை வாசித்துப் பழகினேன். ஏழு முறையும் இந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் தாளை இங்கே வைத்துவிடுகிறேன். பதிவாளர் ஐயா, கோபப்படாதீர்கள். உங்கள் எழுத்தில் குறையில்லை. குறை என்னிடம்.

என்னம்மா பின்னால் சலசலப்பு? கேட்கவில்லையா? ஒலிவாங்கியைக் கொஞ்சம் பக்கத்தில் வைக்கிறேன். இப்போது கேட்கிறதா? நன்றாகக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சோளம் விதைக்கும் மாதத்தில், ஆற்றுக்கு அக்கரையில் வாய்க்கால் மேட்டில் பாசிலியோ என்கிற மனிதர் வெட்டுப்பட்டுக் கிடந்தார். நினைவிருக்கிறதா? இல்லாமல் போகுமா! அன்று பகலில்தான் அவருக்கும் அகப்பித்தோவுக்கும் தண்ணீர் முறைக்காகச் சண்டை. ஊரே பார்த்த சண்டை. சாயங்காலம் பிணம் கிடைத்தது. இருட்டுவதற்குள் அகப்பித்தோவைப் பிடித்தார்கள். அவர் குலத்து முன்னோரை வணங்கும் புனித வீட்டிலிருந்து பரம்பரை வாளையும் எடுத்து வந்தார்கள். அந்த வாள் என்னிடம் வந்தது.

புனித வீட்டு வாள்! வெளியாட்கள் தொடக் கூடாத வாள்! அதற்கு நான் சீட்டுக் கட்ட வேண்டும், எண் எழுத வேண்டும், அரக்கு வைக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நான் யார்? சீருடை போடுவதற்கு முன்பே நானும் ஒரு புனித வீட்டின் மகள். சீட்டை வாளில் கட்டாமல், அதைச் சுற்றியிருந்த துணியில் கட்டினேன். தரையில் வைக்க மனம் வரவில்லை. ஆனால் வேறு இடம் ஏது? இரண்டு மோட்டார் சைக்கிளுக்கு நடுவே தரையில்தான் கிடந்தது.

மூன்றாம் வாரம் காவலாளி குயிந்தினோவின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் இறங்கவில்லை. சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள், அதற்கும் இறங்கவில்லை. அதே வாரத்தில் கூரையிலிருந்து பாம்பு விழுந்தது. மின்விளக்கு வெடித்தது. குயிந்தினோ அண்ணன் என்னிடம் வந்தார்.

"ஜெசுவீனா, உனக்கே தெரியும். அது கோவமா இருக்கு."

"எதுண்ணே?"

"தெரியாத மாதிரி நடிக்காத. தரையில போட்டு வச்சிருக்கோம், வெத்தல பாக்குகூட வைக்கல. பூட்டின அறையில ஒரு குலத்தோட முன்னோரை அடச்சு வச்சிருக்கோம். என் புள்ளையதான் பிடிச்சிருக்கு."

"முத்திரை வச்ச பொருளுண்ணே. தொட்டா வேல போயிடும்."

"வேல போனா வேற வேல. புள்ள போனா?"

தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது? எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். மறுநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், அவர் ஒரு செஞ்சேவலைக் கொண்டு வந்தார். நான் முத்திரையை உடைத்தேன். நான்தான் உடைத்தேன். துணியை விரித்து, வாளை உறையிலிருந்து உருவினேன். சேவலின் காலை நான் பிடித்துக்கொண்டேன், கழுத்தை அவர் அறுத்தார். வாளின் அடிப்பக்கத்தில், பிடிக்குப் பக்கத்தில், மூன்று சொட்டு விட்டோம். மன்னிப்புக் கேட்டோம். துடைக்கக் கூடாது என்பது முறை, அதனால் துடைக்கவில்லை. மறுபடி சுற்றி, மறுபடி அரக்கு உருக்கி, மறுபடி முத்திரை வைத்தேன். ஆறு மணிக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. குயிந்தினோ அண்ணன் அழுதார். நானும் அழுதேன்.

தலையாட்டுகிறீர்கள் பெரியவரே. உங்களுக்குப் புரிகிறது. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். இந்தப் பக்கத்து மனிதர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். மொழிபெயர்ப்பாளர் அக்கா, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? சொல்லுங்கள். சேவல் என்றே சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். அவர்கள் கொடுத்த மானியம் எதற்காக என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

ஐந்து மாதம் கழித்து வாளை நீதிமன்றத்தில் விரித்தார்கள். மருத்துவர் பஞ்சில் ஒற்றி மருந்து விட்டார். நிறம் மாறியது. "ரத்தம் இருக்கிறது" என்றார். யாருடைய ரத்தம், மனிதனுடையதா மிருகத்துடையதா என்று அந்த மருந்து சொல்லாது. அதைச் சொல்லும் சோதனைக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அனுப்ப வழியில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அகப்பித்தோ கூண்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அந்த வாளு உறையை விட்டு வெளிய வந்ததே இல்லம்மா! அது ரத்தமே பாத்ததில்ல!"

வழக்குரைஞர் ஐயா, நீங்கள் அப்போது ஒரு நல்ல கேள்வி கேட்டீர்கள். அவர்கள் புனித வீட்டின் மூத்தவரைக் கூப்பிட்டு, "உங்கள் சடங்கில் வாளுக்குச் சேவல் ரத்தம் காட்டுவீர்களா?" என்று கேட்டீர்கள். அந்த மனிதர் நிமிர்ந்து நின்று சொன்னார். "அது இக்கரைக்காரங்க வழக்கம். நாங்க அக்கரை. எங்க வீட்டுல வெத்தலையும் இளநீரும் மட்டுந்தான். எங்க வாளு மேல ரத்தம் படவே கூடாது."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது! ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான். இந்தப் பக்கம் குயிந்தினோ. எங்கள் வீட்டு வழக்கம்தான் உலகத்து வழக்கம் என்று நினைத்துவிட்டோம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அக்கரையில் கேட்டிருந்தால் போதும். கேட்டோமா? கேட்கவில்லை. அந்த மூத்தவர் உண்மையைச் சொன்னார், அந்த உண்மையே அகப்பித்தோவின் கழுத்தில் விழுந்தது. சடங்கு ரத்தம் இல்லையென்றால் அது பாசிலியோவின் ரத்தம்தானே? யார் நினைக்க மாட்டார்கள் அப்படி?

அம்மையீர், அப்போது நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். வேதப் புத்தகத்தில் கை வைக்கச் சொன்னீர்கள். ஒரு கேள்வி கேட்டீர்கள். "கைப்பற்றிய நாள் முதல் இன்றுவரை இந்தப் பொருளை யாராவது தொட்டார்களா?"

நான் குயிந்தினோவைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார். என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கண்முன் வந்தது. பதிவேட்டைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்தே இல்லை. நான் சொன்னேன்: "யாரும் தொடவில்லை, அம்மையீர்."

பதினாறு ஆண்டு சிறை.

உட்காருங்கள். உட்காருங்கள் ஐயா! கல் எறிவதென்றால் பேச்சு முடிந்ததும் எறியுங்கள், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். செவரினா அக்கா, நீங்கள் மட்டும் நில்லுங்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

இந்த அக்கா யார் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். அகப்பித்தோவின் மனைவி. தீர்ப்பு வந்த மறு வாரத்திலிருந்து நீதிமன்ற வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்கிறார். ஏன் அங்கே? சிறை வண்டி அந்த வழியாகத்தான் போகும். பதினெட்டு மாதமாக நான் தினமும் அவரிடம் வாங்குகிறேன். தினமும் அவர் ஒன்று கூடுதலாக வைத்துக் கட்டித் தருவார். "புள்ளைங்களுக்குக் கொண்டு போ ஜெசுவீனா" என்பார். அது என் வீட்டுக்குப் போனதே இல்லை அக்கா. தெருத் திரும்பினதும் நாய்க்குப் போட்டுவிடுவேன்.

ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்கிறீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட குரலுக்கு நன்றி. கேட்க வேண்டிய கேள்விதான். பயம். வெறும் பயம். அதை அலங்கரிக்க மாட்டேன். ஆனாலும் பயத்தையும் மீறித் தீர்ப்புக்கு நாலாம் நாள் பதிவாளர் ஐயாவின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அடுத்த வாரம் மானியக் குழு வருது. தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா."

"சான்றறைய பலப்படுத்தத்தான் மானியம். நம்ம சான்றறையில கோழி அறுத்தோம்னு சொன்னா தருவாங்களா?"

"ஒரு மனுஷன் உள்ள இருக்கான் ஐயா."

"ஒரு மனுஷன். இது வந்துச்சுன்னா இனி ஆயிரம் பேருக்கு நியாயம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாரு. வாய மூடிட்டுப் போ."

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுகும் கூரைக்குக் கீழே அவரும் இருபது ஆண்டு உட்கார்ந்தவர். இந்தக் கட்டடம் அவருக்குக் கனவு. அவர் சொன்னதை நான் நம்பினேன் என்பதுதான் வெட்கம். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். முறைப்படி மேலதிகாரி வழியாகத்தானே அனுப்ப வேண்டும்? இரண்டும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. குயிந்தினோ அண்ணன் கொரியாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போய்விட்டார். அந்த மதியத்தைத் தெரிந்தவர்கள் இந்த மலையில் நானும் பதிவாளரும்தான்.

இதோ, மேடையிலிருந்தே எனக்கு ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. வாசிக்கட்டுமா? "உடனே முடிக்கவும்." முடித்துவிடுகிறேன் ஐயா. முடிக்கத்தான் வந்தேன். வருகிற வியாழக்கிழமை மேல்முறையீடு. அதோடு எல்லாக் கதவும் மூடிவிடும். இன்று திங்கட்கிழமை. நீதிபதி இருக்கிறார், வழக்குரைஞர் இருக்கிறார், மானியம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், மனைவி இருக்கிறார், ஊர் இருக்கிறது. இழுப்பறை மட்டும் இல்லை. இப்படி ஓர் இடம் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

அன்பர்களே, எதைக் காக்க எழுப்பினோம் இந்தச் சுவரை? இரும்பைக் காக்கவா? துருப்பிடித்த அரிவாளைக் காக்கவா? திருடன் வந்தால் கேமரா காட்டிவிடும். மழை வந்தால் கூரை தடுத்துவிடும். சாவி வைத்திருப்பவளே முத்திரையை உடைத்தால்? கேட்ட கேள்விக்கு அவளே பொய் சொன்னால்? அந்தப் பொய்யைப் பூசித்தான் இந்தச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறோம் என்றால், இந்த அறையில் வைக்கிற எந்தப் பொருளை யார் நம்புவார்கள்? இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். அகப்பித்தோ வெட்டவில்லை என்றால் வெட்டியவன் யார்? பாசிலியோவைக் கொன்றவன் இரண்டு ஆண்டாக நம்மோடு சந்தைக்கு வருகிறான், நம்மோடு பூசைக்கு வருகிறான். இந்தப் பந்தலிலேயே இப்போது அவன் நிற்கலாம். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள். பாருங்கள். பாசிலியோவின் தாய்க்கும் நான் கொடுத்தது நீதி அல்ல, ஏமாற்று.

மானியக் குழுப் பெருமக்களே, இதைக் கேட்டபின் உங்கள் உதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அலமாரியைக் கழற்றிக்கொண்டு போனாலும் குறை சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கைகூப்பிக் கேட்கிறேன். அந்த வாள் இன்னும் இருக்கிறது. அதில் ஒற்றிய பஞ்சும் ஒட்டிய காகித உறையில் இருக்கிறது. அலமாரியைக் கழற்றுமுன் அந்த இரண்டையும் மட்டும் உங்கள் நாட்டுச் சோதனைச் சாலைக்கு எடுத்துப் போங்கள். கோழியா மனிதனா என்று அது சொல்லட்டும். வியாழனுக்குள் முடிவு வராவிட்டாலும், சோதனை நடக்கிறது என்ற ஒரு தாள் வந்தால் போதும். அக்கா, இதைத் தவறில்லாமல் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

சொல்லிவிட்டீர்களா? அந்த வெள்ளைத் தலை ஐயா தலையசைக்கிறார். சம்மதமா, அதிர்ச்சியா, எனக்குப் புரியவில்லை. என்ன அக்கா சொல்கிறார்? "வாள் எங்கே?" என்று கேட்கிறாரா? புதிய அறையில், மூன்றாம் அலமாரியில், ஐயா. இந்த முறை வெற்றிலையும் இளநீரும் மட்டும் வைத்திருக்கிறேன். அறைக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

வழக்குரைஞர் ஐயா பேனாவைத் திறந்துவிட்டார். எழுதுங்கள் ஐயா, நிதானமாகச் சொல்கிறேன். என் பெயர் ஜெசுவீனா. லோய்லாரா நீதிமன்றத்தின் சான்றறைக் காப்பாளர். பாசிலியோ கொலை வழக்கின் வாளை முத்திரை உடைத்துத் திறந்தது நான். அதன் மேல் இருப்பது சேவலின் ரத்தம். நீதிமன்றத்தில் ஆணையிட்டு நான் சொன்னது பொய். யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, இப்போதும் யாரும் மிரட்டவில்லை. கையெழுத்துப் போட வருகிறேன், தாளைத் தயாராக வையுங்கள்.

செவரினா அக்கா, நீங்கள் மேடையை நோக்கி வருகிறீர்கள். வழி விடுங்கள், யாரும் அவரைத் தடுக்காதீர்கள். அறைவதானால் அறையுங்கள் அக்கா, நான் முகத்தைத் திருப்ப மாட்டேன். மன்னிப்பு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நேரம் கடந்தும் பொறுத்த தலைமைக்கு நன்றி. கடைசிவரை மொழிபெயர்த்த அக்காவுக்கு நன்றி. கேட்டுக் கோபப்பட்ட உங்கள் அனைவருக்கும் அந்தக் கோபத்துக்காகவே நன்றி. இங்கே இருக்கும் எல்லாருக்கும் தொடக்கத்திலேயே வணக்கம் சொல்லிவிட்டேன். இங்கே வர முடியாத இடத்தில், கம்பிக்குப் பின்னால், பதினெட்டு மாதமாக ஒரே உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும் அகப்பித்தோ அவர்களே, உங்களுக்கு என் வணக்கம்.